வெள்ளம் வடிந்த வீட்டில் மின்சாரம்: வாசகர் கேள்விகளும் மின் பொறியாளரின் பதில்களும்

வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஈரம் புகுந்த மின்கம்பிகளைப் பற்றியவையாகவே இருக்கின்றன. 2024 நவம்பர் 20 அன்று இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதிலிருந்து, இராமநாதபுரம் கடற்கரையில் வெள்ளம் வராது என்று நம்பிக் கட்டப்பட்ட வீடுகளின் உரிமையாளர்களும் இதைப் பற்றிக் கேட்கத் தொடங்கியுள்ளனர். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளைச் சேர்த்து இம்முறை விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீடு தாழ்வான தெருவில் இருக்கிறது. மழைவெள்ளம் முழங்கால் உயரத்துக்கு ஏறி, இரண்டு நாள் நின்று வடிந்தது. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருந்த பிளக் பாயிண்டுகள் எல்லாம் மூழ்கிவிட்டன. ஒரு வாரம் கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்துக் காயவிட்ட பிறகு, எங்கள் தெருவில் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் தம்பி மெயினைப் போட்டுப் பார்த்தார். விளக்குகள் எரிகின்றன, மின்விசிறிகள் ஓடுகின்றன. வயரிங் நன்றாக இருக்கிறது, வீண் செலவு வேண்டாம் என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் என் கணவர், வீடு முழுவதற்கும் புது வயரிங் செய்துவிடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விளக்கு எரிவது, மின்கம்பியின் செம்பு அறுபடாமல் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அந்தச் செம்பைச் சுற்றியுள்ள காப்பு உறை நலமாக இருக்கிறதா, மின்சாரம் சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ கசிகிறதா என்பதை விளக்கு காட்டாது, டெஸ்டரும் காட்டாது. மின்கசிவு உள்ள வீட்டில் எல்லா விளக்குகளும் பளிச்சென்று எரியும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவர் குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியைத் தொடும்போதுதான் அது தெரியவரும். ஆகவே "எரிகிறது, ஓடுகிறது" என்ற சோதனையை ஏற்றுக்கொண்டு அந்த வீட்டில் குழந்தைகளை நடமாட விடாதீர்கள்.

அதே சமயம், வீடு முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இருப்பதில்லை. சுவரில் வெள்ளம் விட்டுச்சென்ற கறைக்கோட்டை வைத்து முடிவெடுப்பதே சரியான வழி. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த சுவிட்ச், சாக்கெட், எம்.சி.பி. (சுமை கூடினால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), விசிறி ரெகுலேட்டர், இணைப்புப் பெட்டி ஆகிய எதையும் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. எம்.சி.பி.யின் உள்ளே மெல்லிய வில்களும், சூடேறினால் வளையும் உலோகத் தகடும் இருக்கின்றன. வெள்ளநீரின் வண்டல் அவற்றின் மேல் படிந்தால், அது டிரிப் ஆக வேண்டிய நேரத்தில் ஆகாமல் போகலாம். வெளியே துடைத்து வைத்தால் பார்வைக்குப் புதிது போலவே இருக்கும் என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

அடுத்து மின்கம்பிகள். நம் ஊர்க் கான்கிரீட் வீடுகளில் பி.வி.சி. குழாய்கள் கூரைத் தளத்துக்குள் ஓடி, அங்கிருந்து சுவர் வழியாகக் கீழிறங்கிச் சுவிட்ச் பெட்டியில் முடிகின்றன. ஓர் அடி உயரத்தில் இருக்கும் பிளக் பாயிண்டுக்கு வரும் குழாய், வெள்ளத்தின்போது கீழிருந்து நிரம்பியிருக்கும். வெள்ளம் வடிந்த பிறகும் வளைவுகளில் நீர் தேங்கியே நிற்கும். சன்னல்களைத் திறந்துவைத்தால் அறைதான் காயும். குழாயின் உள்ளே காற்றோட்டமே இல்லை. அதற்குள் கிடக்கும் கம்பியின் பி.வி.சி. உறை சில நாள் ஈரத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் கம்பியின் நுனி திறந்திருக்கும் இடத்தில், மெல்லிய செம்பு இழைகளுக்கிடையே நீர் ஊர்ந்து, உறைக்குள்ளேயே பல அடி தூரம் ஏறிவிடும். நனைந்த பாயிண்டின் கம்பி நுனியைச் சீவிப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் ஓர் அடி வெட்டிவிட்டு மறுபடி சீவிப் பார்க்க வேண்டும். அங்கும் கறுப்பாக இருந்தால் அந்தக் கம்பியை முழுவதுமாக உருவி எறிந்துவிடலாம். குழாய்க்குள் கம்பியை ஒட்டுப்போட்டு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால், அந்த ஒட்டுதான் முதலில் கசியும்.

கறைக்கோட்டுக்கு மேலே உள்ளவற்றை, காப்பு உறையின் மின்தடையை அளக்கும் மெக்கர் கருவியால் சோதித்து முடிவு செய்ய வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் சில வோல்ட் மட்டுமே கொடுத்து அளப்பதால், 230 வோல்ட்டில் கசியும் உறை அதற்கு நல்லதாகவே தெரியும். மெக்கர் 500 வோல்ட் நேர்மின்சாரம் செலுத்தி அளக்கிறது. மெயினை நிறுத்தி, எல்லாக் கருவிகளின் பிளக்கையும் பிடுங்கி, பல்புகளைக் கழற்றி, சுவிட்சுகளை ஆன் நிலையில் வைத்து, பேஸ் கம்பிக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே தனித்தனியாக அளக்க வேண்டும். குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நல்ல பி.வி.சி. கம்பி அதைவிடப் பன்மடங்கு காட்டும். ஆகவே ஒரு சர்க்யூட் மட்டும் 1 அல்லது 2 மெகா ஓமில் நின்று மற்றவை 50, 100 என்று காட்டினால், விதிப்படி தேறிவிட்டது என்று விட்டுவிடாமல் அந்தச் சர்க்யூட்டைத் திறந்து பார்ப்பதே நல்லது. பல்புகளைக் கழற்றாமல் சோதித்தால் எல்.இ.டி. பல்புகள் பழுதாகிவிடக்கூடும் என்பதையும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

மாற்றும்போது மின்விளக்குச் சர்க்யூட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் சாக்கெட்டுகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் வாட்டர் ஹீட்டருக்கும் 4 என்று செம்புக் கம்பி போடுவது வழக்கம். ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உறையின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அவற்றைப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். ஓர் அடி உயரத்தில் இருந்த பாயிண்டுகளை அதே இடத்தில் திரும்ப வைக்காமல், கறைக்கோட்டுக்கு ஓரடியாவது மேலே ஏற்றிவிடுங்கள். குழாய் மேலிருந்துதான் இறங்கி வருகிறது என்பதால் இதற்குப் புதிதாகச் சுவரை வெட்ட வேண்டியிருக்காது. வரும் வழியிலேயே பெட்டியைப் பதித்துவிடலாம். மாடி இருக்குமானால், கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் சர்க்யூட்டுகளைப் பிரித்துத் தனித்தனி ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) வைத்துவிடுங்கள். அடுத்த மழையில் கீழே நிறுத்திவிட்டு மாடியில் விளக்கோடு இருக்கலாம்.

கேள்வி: கடலோரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் புயல் நாளில் கடல்நீரே வந்துவிட்டது. நீர் வடிந்து, வெயிலில் நன்றாகக் காய்ந்து, ஒரு மாதம் ஒழுங்காக இருந்தது. இப்போது பின்னிரவிலும் விடியற்காலையிலும் ஆர்.சி.சி.பி. தானாக விழுந்துவிடுகிறது. பகல் பத்து மணிக்கு மேல் போட்டால் நிற்கிறது. எலக்ட்ரீஷியன் எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தும் பழுதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆர்.சி.சி.பி.தான் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி, அதைத் தாண்டி நேரடி இணைப்புக் கொடுத்துவிட்டார். இது சரிதானா?
– வாசகர், பாம்பன்

பதில்: சரியல்ல ஐயா. இந்த இதழ் கைக்குக் கிடைத்த அன்றே அந்த நேரடி இணைப்பை எடுத்துவிடச் சொல்லுங்கள். மீதியைப் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆர்.சி.சி.பி. கெட்டுப்போகவில்லை; வீட்டிலுள்ள எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பேஸ் வழியாகப் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று ஆர்.சி.சி.பி. ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வேறு வழியாக, அதாவது சுவர் வழியாகவோ ஒரு மனிதர் வழியாகவோ, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 0.3 விநாடிக்குள் அது இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். 10 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்தக் கசிவு கணக்கிலேயே வராது. அதிகச் சுமையிலிருந்தும் ஷார்ட் சர்க்யூட்டிலிருந்தும் கம்பியைக் காப்பதுதான் அதன் வேலை. மனிதரின் இதயத் துடிப்பைக் குலைக்க ஓர் ஆம்பியரில் மிகச் சிறிய பங்கே போதும். ஆகவே ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் எத்தனை எம்.சி.பி. இருந்தாலும் உயிருக்குக் காவல் இல்லை.

இனி, இரவில் மட்டும் ஏன் விழுகிறது என்பதைப் பார்ப்போம். மழைநீர் காய்ந்தால் ஈரம் போய்விடும். கடல்நீர் காய்ந்தால் நீர் மட்டுமே போகும், உப்பு அங்கேயே இருக்கும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பைக் கொண்ட நீர் உங்கள் குழாய்களிலும் பெட்டிகளிலும் நின்று காய்ந்திருக்கிறது. சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்குகிறது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் நடுவே இருக்கும் உங்கள் ஊரில் பின்னிரவுக் காற்று எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சாக்கெட்டின் உட்புறத்தில் படிந்த உப்புப் படலம் இரவில் ஈரமாகி மின்சாரத்தைக் கடத்துகிறது, வெயில் ஏறியதும் காய்ந்து கடத்தாமல் நிற்கிறது. ஒரு மாதம் ஒழுங்காக இருந்ததும் இப்போது பனி இறங்கும் நேரங்களில் மட்டும் விழுவதும் இதனால்தான். இதற்கிடையில் அந்த உப்பு செம்பையும் பித்தளைத் திருகுகளையும் அரித்துக்கொண்டே இருக்கும். அரிப்பால் தளர்ந்த இணைப்பு சூடேறித் தீப்பிடிக்கும் வாய்ப்பு மாதங்கள் கழித்தும் நீங்குவதில்லை.

எம்.சி.பி.களை நிறுத்தியும் பழுது தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் ஒற்றைத் துருவ எம்.சி.பி. பேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் கம்பிகள் எல்லாம் ஒரே பட்டையில் இணைந்தபடியே இருக்கின்றன. நனைந்த சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே கசிவு இருந்தால், அந்த எம்.சி.பி.யை நிறுத்தினாலும் வேறு அறையில் ஓடும் விசிறியின் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்தக் கசிவு வழியே எர்த்துக்குப் போய் ஆர்.சி.சி.பி.யை விழவைக்கும். ஆகவே மெயினை நிறுத்திவிட்டு, நியூட்ரல் பட்டையிலிருந்து ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலையும் கழற்றி, ஒவ்வொன்றையும் எர்த்துக்கு எதிராக மெக்கரால் அளக்க வேண்டும். இதைப் பகல் பன்னிரண்டு மணிக்குச் செய்தால் எல்லாம் நலம் என்று காட்டி ஏமாற்றும். எலக்ட்ரீஷியனை விடியற்காலையில் வரச்சொல்லுங்கள். அவருக்குச் சிரமம்தான், ஆனால் பழுது வெளிப்படும் நேரத்தில் அளப்பதுதான் அளவை.

கடல்நீர் புகுந்த வீட்டுக்கு என் பரிந்துரை, தங்கச்சிமடம் சகோதரிக்குச் சொன்னதைவிடக் கடுமையானது. நீர்மட்டத்துக்குக் கீழே சென்ற ஒவ்வொரு கம்பியையும், மெக்கர் என்ன காட்டினாலும், கூரைத் தளத்து இணைப்புப் பெட்டி வரை முழு நீளத்துக்கும் மாற்றிவிடுங்கள். நடுவில் வெட்டி ஒட்டுப் போடுவது வேண்டாம். பழைய கம்பியின் நுனியில் புதுக் கம்பியைக் கட்டி உடனே இழுத்துவிடுவதுதான் வழக்கம். உங்கள் வீட்டில் அப்படிச் செய்தால் குழாயிலுள்ள உப்பு புதுக் கம்பியின் மேலும் ஒட்டிக்கொள்ளும். பழையதை உருவும்போது ஒரு நைலான் கயிற்றை மட்டும் உள்ளே விட்டுவைத்து, குழாயை மேலிருந்து நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, கீழ்ப் பெட்டி வழியே வடியவிட்டு, புளோயரால் காற்று செலுத்திக் காயவைத்த பிறகே புதுக் கம்பியை இழுக்க வேண்டும். கழுவும் நீர் உப்புக் கிணற்று நீராக இருந்தால் கழுவியும் பயனில்லை. லாரித் தண்ணீரோ கூட்டுக் குடிநீரோ சிறிதளவு ஒதுக்கிக்கொள்ளுங்கள். துருப்பிடித்த இரும்புச் சுவிட்ச் பெட்டிகளுக்குப் பதிலாக பி.வி.சி. பெட்டிகளையும், இரும்புத் திருகுகளுக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகளையும் போட்டுக்கொண்டால், கடற்காற்றிலும் நெடுநாள் நிற்கும். எல்லாம் முடிந்த பிறகு ஈரமான ஒரு விடியற்காலையில் மீண்டும் ஒரு முறை அளந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டனார் காலத்து வீட்டின் சுவர்கள் பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை, ஒன்றரை அடிக்கு மேல் கனம். மரப்பட்டியில் கிளிப் அடித்த பழைய வயரிங் ஒரு பகுதியிலும், பின்னாளில் சுவரை வெட்டிப் பதித்த வயரிங் இன்னொரு பகுதியிலும் இருக்கின்றன. இந்த மழையில் முற்றத்திலிருந்து நீர் உள்ளே வந்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சுவரை வெட்டிப் புதிதாகப் பதித்து, மேலே சிமெண்ட் பூசிவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார்.
– வாசகர், கீழக்கரை

பதில்: பழைய வயரிங்கை எடுப்பது சரி, சுவரை வெட்டிப் பதிப்பதும் சிமெண்ட் பூசுவதும் வேண்டாம் என்பேன். பவளக்கல் துளைகள் நிறைந்தது. கடலிலிருந்து வந்த கல் என்பதால் அதில் உப்பும் இருக்கும். சுண்ணாம்புச் சுவர் தரை ஈரத்தை உறிஞ்சி, அதே வேகத்தில் காற்றில் விட்டுவிடுவதால்தான் இத்தனை ஆண்டுகள் நின்றிருக்கிறது. அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். அந்த ஈரச் சுவருக்குள்தான் உங்கள் புது மின்கம்பி இருக்கும். முன்பு பதித்த பகுதியில் பூச்சு உதிர்ந்து, வெள்ளை உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குக் குழாயைச் சுவரின் மேற்பரப்பிலேயே ஓடவிடும் வயரிங்தான் ஏற்றது. விறைப்பான பி.வி.சி. குழாயைக் கூரை விட்டத்தை ஒட்டிக் கிடையாக ஓடவிட்டு, ஒவ்வொரு பாயிண்டுக்கும் மேலிருந்து நேராக இறக்கி, குழாய்க்கும் சுவருக்கும் இடையே சிறு இடைவெளி இருக்குமாறு ஸ்பேசருடன் கூடிய சேடில் கொண்டு பிடிக்க வேண்டும். குழாயின் கொள்ளளவில் 40 சதவீதத்துக்கு மேல் கம்பிகளை அடைக்காமல் இருந்தால், பின்னாளில் ஒரு கம்பியை மட்டும் மாற்றுவது எளிது. குழாய் கண்ணுக்குத் தெரிவதால் வீட்டின் அழகு கெடும் என்று குடும்பத்தில் சிலர் வருந்தக்கூடும். சுவரின் நிறத்திலேயே குழாய்க்கு வண்ணம் பூசிவிட்டால் சில வாரங்களில் கண் பழகிவிடும். வெட்டுக்காயம் படாத சுவர் அடுத்த தலைமுறைக்கும் நிற்கும்.

மரப்பட்டிக் கம்பிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அக்காலத்து ரப்பர் உறை கையால் தொட்டாலே நொறுங்கும் நிலையில் இருக்கும். அலுமினியக் கம்பியாக இருந்தால், பித்தளைத் திருகோடு சேரும் இடத்தில் உப்புக்காற்று பட்டு அரித்திருக்கும். ஒரு அறையில் மட்டும் அதை விட்டுவைத்து, புதுச் செம்புக் கம்பியோடு முறுக்கி இணைக்க யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மண் உப்பு மண் என்பதால் எர்த் இயல்பாகவே நன்றாக இருக்கும், பத்து வருடத்துக்கு முன் போட்ட எர்த் குழியைத் தொட வேண்டாம் என்கிறார்கள். பக்கத்து வீட்டில் எர்த் குழியே இல்லை. நியூட்ரலையும் எர்த்தையும் மெயின் பெட்டியில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அது போதுமா?
– வாசகி, தொண்டி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. நியூட்ரலை எர்த்தோடு வீட்டுக்குள் சேர்த்துக் கட்டுவது மிக ஆபத்தானது. புயல்காற்றில் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் கம்பி அறுந்துபோனால், வீட்டில் எரிந்துகொண்டிருக்கும் ஒரு விளக்கின் வழியாகவே 230 வோல்ட் எர்த் கம்பிக்கு வந்து, குளிர்சாதனப் பெட்டி, கிரைண்டர், துணி துவைக்கும் எந்திரம் ஆகிய எல்லாவற்றின் உலோக உடலிலும் ஏறி நிற்கும். மெயின் பெட்டியில் எந்த பியூஸும் போகாது. அந்த வீட்டாரிடம் நீங்களே சென்று சொல்லுங்கள்.

உங்கள் எர்த்தைப் பொறுத்தவரை, உப்பு மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பது உண்மையே. ஆனால் அதே உப்புதான் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அரித்துத் தின்கிறது. பத்து வருடத்தில் மண்ணுக்குள் குழாய் மீதமிருக்கிறதா என்பதே கேள்வி. மேலும், கரையோர மணல்மேடுகளில் மேல் மணல் கோடையில் வறண்டு, மின்சாரத்தைச் சற்றும் கடத்தாத நிலைக்குப் போய்விடும். குழாய் நீர்மட்டத்தைத் தொடும் ஆழத்துக்கு இறங்கியிருந்தால்தான் பயன். குழியைத் திறந்து, குழாயில் எர்த் கம்பி முறுக்கப்பட்டிருக்கும் போல்ட்டைப் பாருங்கள். பழுது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு எர்த் டெஸ்டரால் அளந்து, 5 ஓமுக்கு மேல் இருந்தால் வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளிப் புதிதாக ஒன்று போடுங்கள். செம்பு பூசிய 3 மீட்டர் தண்டு உங்கள் மண்ணுக்கு ஏற்றது. கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டும் பழைய முறையில், ஏற்கெனவே உப்பான மண்ணில் மேலும் உப்பைச் சேர்ப்பதால் அரிப்பு கூடுமே தவிர வேறு நன்மையில்லை. பென்டோனைட் களிமண் கலவை கடைகளில் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: மெயினை நிறுத்திவிட்டுத்தான் நனைந்த சாக்கெட்டைக் கழற்றினேன். ஆனாலும் ஷாக் அடித்துத் தள்ளிவிட்டது. இது எப்படி நடந்தது?
– வாசகர், மண்டபம்

பதில்: உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள், விடை அதுதான். நீங்கள் மெயினை நிறுத்தியதும், மின்தடை ஏற்பட்டதாக எண்ணி இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 230 வோல்ட்டைக் கொடுத்துவிட்டது. வேலை தொடங்குமுன் இன்வெர்ட்டரின் சுவிட்சை நிறுத்தி, அதன் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றிவிட வேண்டும். கூரையில் சூரியத் தகடுகள் இருந்தால், பகலில் அவற்றிலிருந்து இறங்கும் கம்பியில் எப்போதும் மின்னழுத்தம் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் பேட்டரி மூழ்கி, அதன் அறைகளுக்குள் உப்புநீர் புகுந்திருந்தால் அதைச் சார்ஜில் போடவே கூடாது. நச்சான குளோரின் வாயு வெளிவரும். எடைக்குப் போட்டுவிடுங்கள்.

ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்டவர்கள், நன்றாக இருப்பதாக உணர்ந்தாலும் ஒரு முறை மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. இன்னும் பார்க்கவில்லையென்றால் இன்றே சென்று வாருங்கள்.

கேள்வி: வயரிங் வேலைக்கு வருபவர் தகுதியானவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மீட்டர் பெட்டியும் நனைந்திருக்கிறது. அதையும் அவரே மாற்றிக் கொடுப்பாரா?
– வாசகர், ஏர்வாடி

பதில்: தமிழக அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம் வழங்கிய மின்கம்பியாளர் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். சான்றிதழ் இல்லாமலே திறமையாக வேலை செய்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளத்துக்குப் பிந்தைய வேலையில் அளந்து பார்ப்பதுதான் பாதி வேலை. மெக்கர் இல்லாமல் வருபவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். முடிந்த பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டின் மெக்கர் அளவையும் தேதியோடு எழுதி வாங்கி, மெயின் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். சுவரை மூடுமுன் குழாய்கள் ஓடும் வழியைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால், நாளை ஆணி அடிக்கும்போது உதவும்.

மீட்டரையும், அதற்கு முன்னுள்ள பியூஸையும், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரையும் மின்வாரிய ஊழியர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. முத்திரை உடைந்தால் பொறுப்பும் உங்கள் மேல் வரும். பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் மனுக் கொடுங்கள். மீட்டர் தாழ்வாக இருந்தால் அதே மனுவில் உயரத்துக்கு மாற்றித்தரவும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இரவில் தூங்கிக்கொண்டிருக்கும்போது நீர் உள்ளே வந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: கட்டிலிலிருந்து இறங்குமுன் டார்ச் அடித்து, நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். நீர் எந்த சாக்கெட்டையும் தொடவில்லை, எக்ஸ்டென்ஷன் பெட்டி எதுவும் தரையில் கிடக்கவில்லை, மெயின் சுவிட்சை உலர்ந்த தரையில் நின்றே எட்ட முடியும் என்றால் மட்டும் அதை நிறுத்துங்கள், இன்வெர்ட்டரையும் நிறுத்துங்கள். சாக்கெட்டுகள் மூழ்கிவிட்டன என்றால் நீரில் கால் வைத்து மெயினைத் தேடிப் போகக் கூடாது. நாற்காலி போட்டு ஏறிக்கொண்டோ, ரப்பர் செருப்பை நம்பியோ செல்வதும் வேண்டாம். பிள்ளைகளையும் கட்டிலை விட்டு இறங்கவிடாமல், கைபேசியில் மின்வாரியத்தின் மின்னகம் எண்ணாகிய 94987 94987-ஐ அழைத்து, தெருவின் பெயரையும் பழைய மின்கட்டண ரசீதில் உள்ள இணைப்பு எண்ணையும் சொல்லி, உங்கள் பகுதிக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இணைப்பு எண்ணை இன்றே கைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் ரசீதைத் தேட முடியாது.